காத்துக் கிடக்கும் சரக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தொழிற்சாலைக்குள் புதிதாக நுழைகிறவரின் கண் மெஷினைத்தான் தேடும். எது ஓடுகிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார். உற்பத்தி முறைகளைச் சீர்செய்யும் வேலையில் இருக்கும் நான் முதலில் பார்ப்பது, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும் சரக்கை.

பாலட் என்கிற சரக்குப் பலகை மேல் ட்ரேக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எந்த வேலை என்றைக்கு நடந்தது என்று எழுதிய ஒரு ஜாப் கார்டு ஓரத்தில் தொங்கும். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கார்டைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கடைசல் முடிந்தது திங்கட்கிழமை. துளை போட எடுத்தது வெள்ளிக்கிழமை. துளை போட ஒரு பீஸுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நடுவில் இருந்த நாட்களில் அந்தச் சரக்கை யாரும் தொடவே இல்லை. ஆர்டர் வந்த நாளிலிருந்து சரக்கு கேட்டைத் தாண்டும் வரைக்கும் இப்படிக் கணக்கெடுத்துப் பாருங்கள். கைபட்ட நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் காத்திருப்பு.

டெலிவரி தாமதம் என்று வாடிக்கையாளர் சத்தம் போட்டால் என்ன நடக்கிறது? ஆட்களை விரட்டுகிறார்கள், வேகமான மெஷினுக்கு விலை விசாரிக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை ஒன்றரை நிமிடமாகிறது. நான்கு நாள் காத்திருப்பு அப்படியே இருக்கிறது. இவ்வளவு பணமும் உழைப்பும் இப்படித் தப்பான இடத்தில் போய் விழுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கணக்கை நிரூபித்துக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடலாம். உள்ளே நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடிந்து வெளியேறும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கும் என்பது வந்துவிடும். தளத்தில் 600 ஆர்டர், நாளுக்கு 50 முடிகிறது என்றால் 12 நாள். ஆறே நாளில் கொடுக்க வேண்டுமா? வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டாம். தளத்தில் ஒரே சமயத்தில் 300 ஆர்டருக்கு மேல் இறக்காமல், அந்த 50 மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே வரலாம். ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் கொண்டுவந்த கன்பான் அட்டையும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. இன்னும் வேண்டும் என்று அடுத்த பிரிவிலிருந்து அட்டை வராமல் முந்தின பிரிவு எதையும் செய்து குவிக்கக் கூடாது.

இதைச் சொன்னவுடன் சூப்பர்வைசர்கள் பதறிவிடுவார்கள். "மெஷின் சும்மா நிக்குமே சார்?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெஷின் எத்தனை சதவீதம் ஓடியது என்றுதானே மாதா மாதம் அவர்களிடம் கேட்கிறோம்!

அந்தச் சதவீதத்துக்குள் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு பேக்கிங் மேஜையை எடுத்துக்கொள்வோம். ஒரு வேலைக்குச் சராசரியாக 10 நிமிடம். வேலைகள் ஒரே சீராக வருவதில்லை. ஒன்று சீக்கிரம் முடியும், இன்னொன்று இழுக்கும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் மிக எளிய சூத்திரத்தில் போட்டால், அந்த மேஜை 80 சதவீத நேரம் ஓடும்போது புதிதாக வரும் வேலை சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 சதவீதத்தில் மூன்று மணி நேரத்தைத் தாண்டி இன்னும் 10 நிமிடம்! கடைசி 5 சதவீதத்தைக் கசக்கிப் பிழிந்ததற்கு, காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. எல்லா மெஷினும் எப்போதும் ஓட வேண்டும் என்று நினைக்கும் நிர்வாகம் தன் டெலிவரியைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

இன்னொரு காரணம், மொத்தமாகச் செய்து குவிக்கும் பழக்கம். பிரஸ் மெஷினில் மாட்டும் அச்சான டையை மாற்றவே நான்கு மணி நேரம் ஆகும் என்றால், மாட்டியதோடு ஒரு மாதத்துக்கான பீஸை அடித்துத் தள்ளத்தான் தோன்றும். 1969-ல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் அந்த நிலைதான். ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் அங்குள்ளவர்களோடு சேர்ந்து ஆறு மாதத்தில் அதை 90 நிமிடமாக்கினார். பிறகு மூன்றே நிமிடத்துக்கு வந்தது. மெஷினை நிறுத்தினால்தான் செய்யக்கூடிய வேலை எது, ஓடும்போதே முடித்துவைக்கக்கூடியது எது என்று பிரித்ததுதான் அதில் முக்கியம். அடுத்த டையை ஸ்டோர்ஸிலிருந்து எடுத்து வருவது, போல்ட்டு ஸ்பேனரைத் தயாராக வைப்பது, இதற்கெல்லாம் எதற்கு மெஷினை நிறுத்த வேண்டும்?

சரக்குப் போக்குவரத்திலும் இதே நோய்தான். கிடங்குக்கு லாரி காலை ஒன்பது மணிக்கு வருகிறது. கேட்டில் பதிவு, அப்புறம் வரிசை. லோடு ஏற்றும் இடமான டாக் காலியானால் இன்வாய்ஸ் அடித்திருக்காது. அடித்தால் ஒரு பெட்டி குறையும். மேல் ரேக்கிலிருந்து எடுக்க ஃபோர்க்லிஃப்ட் வர வேண்டும். லோடு ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகும். லாரி கிளம்பும்போது மாலை நான்கு. இந்த மாதிரி இடத்தில் இன்னும் நான்கு ஆட்களைப் போடுங்கள் என்றால் எதுவும் மாறாது. வந்தது, டாக்கில் நின்றது, ஏற்ற ஆரம்பித்தது, முடிந்தது, கிளம்பியது என்று ஐந்து நேரங்களை மட்டும் ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். எல்லா லாரியும் காலையிலேயே வந்து குவிவது தெரியும். லாரிக்கு ஒரு நேரம் ஒதுக்கி, அதற்கு முன்பே சரக்கையும் தாளையும் எடுத்து வைத்துவிட்டால், டிரைவரின் ஒரு நாள் மிஞ்சும். டிரைவரைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்ற லாரித் தொழில்காரர் 58 கன்டெய்னர் பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு கப்பலை அனுப்பினார். 'ஐடியல் எக்ஸ்' என்ற அந்தக் கப்பல் மாற்றியமைக்கப்பட்ட பழைய எண்ணெய்க் கப்பல். வேகத்தில் ஒரு புதுமையும் கிடையாது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்க நாள்கணக்கில் துறைமுகத்தில் கிடந்த நேரத்தைத்தான் பெட்டி வெட்டியது. உலக வணிகத்தையே மாற்றிய விஷயம் அது.

ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் ஈஆர்பி மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டோம் என்பார்கள். நல்லதுதான். ஆனால் சரக்கு எங்கே நிற்கிறது என்பதைத் திரை காட்டும். ஏன் நிற்கிறது என்று அங்கே போய் நின்று கேட்டால்தான் தெரியும்.

கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே. வேலை செய்கிறவருக்குத்தான் அது தெரியும். ஒருவர் சொன்ன யோசனையால் இரண்டு பேர் செய்த வேலையை ஒருவரே செய்யலாம் என்று ஆகி, மற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அந்தத் தொழிற்சாலையில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால், சீர்திருத்தம் தொடங்குவதற்கு முன்பே, இதனால் யாருக்கும் வேலை போகாது, மிஞ்சுகிறவருக்கு வேறு பிரிவில் வேலை உண்டு என்று நிர்வாகம் எழுதி, எல்லாரும் படிக்கும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஆலோசகரைக் கூப்பிடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நன்றி, வணக்கம்.