டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணை என்றால் காந்தியின் பெயர்தான் முதலில் வரும். அங்கே பாடுபட்ட தமிழ்க் குடும்பங்களைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஆசியர்களுக்கு எதிரான பதிவுச் சட்டத்தை மீறி, தென்னாப்பிரிக்காவின் ஒரு மாகாணமான டிரான்ஸ்வாலில் இந்திய ஆண்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அவர்களுடைய குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துக் காந்தியின் இயக்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான், 1910 மே மாதம், காந்தியின் நண்பரான கட்டடக்கலை வல்லுநர் ஹெர்மன் காலன்பாக் தம்முடைய 1,100 ஏக்கர் பண்ணையை இந்தக் குடும்பங்கள் தங்க வாடகை இல்லாமல் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல், லாலி ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் என்று ஆயிரம் பழமரங்கள் வரை இருந்தன. ஆனால் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஊற்றுவரை நடந்துபோய்ச் சுமந்து வர வேண்டும்.

வேலைக்காரர்கள் கிடையாது. சமையல், தோட்டம், தச்சு, செருப்பு தைப்பது எல்லாம் குடியிருந்தவர்களே செய்தார்கள். போராட்டத்தில் முன்னின்ற தமிழரான தம்பி நாயுடு பண்ணையின் துப்புரவையும் கடைச் சாமான் வாங்குவதையும் கவனித்துக்கொண்டார். சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர்கள் நடந்தே போகவேண்டும்; அதற்காக விடியுமுன் இரண்டு மணிக்கே கிளம்புவார்கள்.

பள்ளிக்கூடம் மதியத்துக்குமேல்தான். காலையிலிருந்து உழைத்த களைப்பில் ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் கண் சொக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டு படிப்பார்கள். அங்கிருந்த தமிழ்ப் பையன்கள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், தமிழ் எழுத்தே தெரியாது. கப்பலிலும் சிறையிலும் தமிழறிஞர் ஜி.யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டை வைத்துத் தாம் கற்ற கொஞ்சம் தமிழைக் காந்தி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை மிஞ்சியவர்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால், இந்தப் பையன்கள்தான் மொழிபெயர்ப்பார்கள்! எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

1913 தொடக்கத்தில் பண்ணை கலைந்தது. நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அதற்கு அப்புறம் நடந்ததைத்தான். அங்கே வாழ்ந்து பழகிய பெண்கள் பதினொரு பேர், அநேகமாக எல்லாரும் தமிழர், அந்த ஆண்டு போராட்டத்தில் இறங்கினார்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்தவர்கள். டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிப் பக்கத்து மாகாணமான நேட்டாலுக்குள் போய், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைசெய்த நம் ஆட்களிடம் மூன்று பவுண்டு தலைவரியைப் பற்றிப் பேசினார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கும் கூலிக்காரர்மீது ஆண்டுதோறும் விதித்த வரி அது. சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அரசு அந்தப் பெண்களுக்கு மூன்று மாதச் சிறை கொடுத்தது. அதன் பிறகு வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவி, ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிவிட்டது.

பண்ணையில் பழக்கமான கடும் உழைப்புதான் அவர்களுக்குச் சிறை வாழ்க்கையைத் தாங்கும் தெம்பைக் கொடுத்தது என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே, 1914இல், அந்த மூன்று பவுண்டு வரியை அரசு ரத்து செய்தது.

நன்றி, வணக்கம்.