ஊட்டிக் குளிரில் ஒரு கடல் சாமந்தி

நேயர்களுக்கு வணக்கம். கடல் சாமந்தி வளர்ப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் வானொலி நிலைய வாசலில் இருந்த காவலர், "எந்த நர்சரியில சார் கிடைக்கும்?" என்று கேட்டார். ஊட்டிக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். இது பூ இல்லைங்க. கடலில் பாறையைப் பிடித்துக்கொண்டு வாழும் பிராணி, கோமாளி மீன் உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளுமே, அந்த அனிமோன்.

என் வீட்டுத் தொட்டி 120 லிட்டர். அதில் நாலு வருஷமாக ஒரு பபிள் டிப் அனிமோன், அதாவது கைகளின் நுனி குமிழ் குமிழாக உப்பியிருக்கும் வகை, இருக்கிறது. சென்னையில் இருக்கும் என் மைத்துனருக்கும் இதே கிறுக்கு உண்டு, அவர் தண்ணீரைக் குளிரவைக்க சில்லர் வாங்கினார். எனக்கு எல்லாம் தலைகீழ். அனிமோனுக்கு 25, 26 டிகிரி வேண்டும், அதுவும் ராத்திரி பகல் மாறாமல் வேண்டும். தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஜனவரியில் என் வீட்டு ஹாலிலேயே 12 டிகிரிதான். அதனால் பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் சிறியதாக இரண்டு போட்டிருக்கிறேன். ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு தாங்கும், ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தண்ணீர் ஒரேயடியாகச் சூடேறிவிடாது.

ஹீட்டருக்குக் கூண்டு போடுங்கள், பம்புக்கு ஸ்பாஞ்ச் கட்டுங்கள். ஏனென்றால் இந்தப் பிராணி நடக்கும். வைத்த இடம் பிடிக்கவில்லை என்றால் பாதத்தை இழுத்து இழுத்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடும். பம்பு வாயில் சிக்கினால் அது சிதைந்து, தண்ணீர் கெட்டு, மீனும் சேர்ந்து போகும். அதுவாக ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் பிய்த்து மாற்றாதீர்கள், அது நம்மைவிட விவரமானது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் டிசம்பரில், பச்சைத் தண்ணீர் இப்படிச் சில்லென்று இருக்கிறதே என்று கீசரில் அரை பக்கெட் பிடித்து, உப்பு கலந்து, தொட்டியில் ஊற்றினேன். மறுநாள் காலையில் பார்த்தால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து கிடக்கும் அனிமோன் எலுமிச்சம்பழம் போலச் சுருண்டு, வாயைப் பிளந்துகொண்டு, பழுப்பாக நூல் நூலாக எதையோ கக்கிக்கொண்டிருந்தது. என் கீசருக்குள் இருப்பது செப்புத் தொட்டி. செம்பை மீனுக்கு மருந்தாகவே போடுவார்கள், முதுகெலும்பில்லாத இந்த ஜீவன்களுக்கு அது விஷம். அதுதான் வேலையைக் காட்டியது என்பது என் கணிப்பு. ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, வடிகட்டியில் கரி போட்டு, ஒன்பதாம் நாள்தான் ஒரு நுனி மறுபடி குமிழ் விட்டது.

உப்பு லிட்டருக்கு 35 கிராம் கணக்கு, அடர்த்திமானியில் 1.025. நம்ம ஊர்ப் பனிக்காலக் காற்று வறண்டது, தொட்டியோ வெதுவெதுப்பானது, ஆவியாகி ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. ஆகவே தினமும் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை மட்டும் விடுங்கள், ஆனால் அதுவும் ஒரே நேரத்தில் மளமளவென்று வேண்டாம். அப்புறம் ஆக்சிஜன். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். நீர்ப்பரப்பு சலசலத்துக்கொண்டே இருக்கவேண்டும், கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்பும், தொட்டியைச் சுற்றிப் போர்த்த ஒரு பழைய கம்பளியும்.

வெளிச்சம் இதற்குப் பாதிச் சாப்பாடு. உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் சமைத்துத் தருவதைத்தான் இது தின்கிறது, அந்தப் பாசி போய்விட்டால் வெளுத்து மெலிந்துவிடும். ஜூன், ஜூலை மூட்டத்தில் ஜன்னலை நம்பிப் பயனில்லை, நல்ல எல்இடி தினம் ஒன்பது மணி நேரம் எரியட்டும். வாரம் ஒருமுறை சுண்டுவிரல் நகமளவு இறால் போதும்.

புதுத் தொட்டியில் அனிமோன் விடாதீர்கள், ஆறு மாதமாவது பழகட்டும். மன்னார் வளைகுடா போனபோது நானே பிடித்துவந்தேன் என்கிற வீரமும் வேண்டாம், தேசியப் பூங்காத் தீவுகளைச் சுற்றி எடுப்பது குற்றம். கடையில் வாங்கும்போது வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கோயம்புத்தூரில் வாங்கினால் கடைக்காரரிடம் பையைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேற ஏற சிப்ஸ் பாக்கெட் மாதிரி அதுவும் உப்பும், என் முதல் பை பர்லியாருக்கு மேலே பஸ்ஸிலேயே கசிய ஆரம்பித்து, பக்கத்து சீட் அம்மாவின் புடவை நனைந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டபடியே ஊட்டி வந்து சேர்ந்தேன்.