சிசேரியனுக்கு அடுத்த பிரசவம்: முடிவை எப்படிச் சேர்ந்து எடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதுமே சிசேரியன்தான் என்ற பேச்சுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் அப்படி எழுதினார். அன்று கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டினார்கள்; அந்தத் தழும்பு பிரசவ வலியைத் தாங்காது. இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறார்கள். அதனால்தான் சுகப்பிரசவம், மறுபடி சிசேரியன் என்ற இரண்டு வழிகளையும் பேசிப் பார்க்க முடிகிறது.

பேசுவதற்கு முன் பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பை வாங்கி வையுங்கள். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை நம்ப வேண்டாம். வெளியே குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் வெட்டியிருக்கலாம். அப்படி நெடுக்கு வெட்டு இருந்தாலோ, முன்பு கர்ப்பப்பை பிளந்திருந்தாலோ, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக் கிடந்தாலோ மறுபடியும் சிசேரியன்தான்.

மற்றவர்கள் எண்களைக் கேட்க வேண்டும், அதுவும் ஒரே அளவில். ஒரு குறுக்கு வெட்டு மட்டும் உள்ள 1,000 பேர் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் ஏறக்குறைய 720 முதல் 750 பேருக்குக் கைகூடும். தானாக வலி எடுத்தால் தழும்பு பிளப்பது சுமார் 5 பேருக்கு. மருந்தால் வலி வரவழைத்தால் அது இரண்டு மூன்று மடங்காகலாம். ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவருக்கு வாய்ப்பு 850-க்கு மேல். முதல் குழந்தை தலை மேலே இருந்ததால் வெட்டியதா, வலி எடுத்தும் இறங்காமல் நின்றதாலா என்பதும் கணக்கை மாற்றும். முயன்று முடியாமல் அவசரமாக வெட்டுவதில்தான் தொற்றும் ரத்தப்போக்கும் அதிகம். ஆகவே உங்களுக்கான வாய்ப்பு என்ன என்று கேளுங்கள்.

சிசேரியனைத் தேர்ந்தால் வழக்கமாக 39 வாரம் முடிந்த பிறகு செய்வார்கள். முன்னதாகச் செய்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடும். இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்பதைப் பலரும் பேசாமல் விடுகிறார்கள்; சிசேரியன் கூடக் கூட ஆபத்தும் கூடும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியபடி மூன்றாவது சிசேரியனுக்கு வரும் 100 பேரில் ஏறக்குறைய 40 பேருக்கு அது கர்ப்பப்பையோடு ஒட்டிப் புதைந்திருக்கும். சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க நேரும்.

மருத்துவமனையையும் விசாரியுங்கள். நள்ளிரவிலும் மயக்க மருத்துவர், ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் தயாரா? வலி நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவார்களா? தழும்பு பிளப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தத் துடிப்புதான். ஒரு பிரசவ வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையிலும் விடாத வயிற்று வலி, ரத்தக் கசிவு, பிரசவ வலி திடீரென நின்றுபோவது ஆகியவையும் அடையாளம். முதுகில் போடும் வலி நிவாரண ஊசிக்குத் தடையில்லை.

இத்தனையும் ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கி முடிகிற காரியமல்ல. 36-ஆவது வாரத்துக்குள் பேசி, கோப்பில் எழுதச் சொல்லுங்கள்: குறித்த தேதிக்கு முன்பே வலி வந்தால் என்ன, 41 வாரம் ஆகியும் வராவிட்டால் காத்திருப்பதா, மருந்தா, அறுவையா? மருந்து என்றால் எது என்றும் எழுத வேண்டும். வலி வரவழைக்கும் மருந்துகளில் ஒன்றான மிசோப்ரோஸ்டாலைத் தழும்புள்ள கர்ப்பப்பைக்கு நிறைமாதத்தில் கொடுக்கக் கூடாது. வலி தொடங்கிய பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.