193 ஹெக்டேர்: அரிட்டாபட்டியில் ஒரு காகிதம் செய்த வேலை

(காட்சி: விடிகாலை. மரமே இல்லாத பாறைக் குன்று. உச்சியில் ஒரு பறவை வட்டமிடுகிறது.)

மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் அரிட்டாபட்டி. ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் மொட்டைப் பாறை. இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும்.

கிட்டே போய்ப் பாருங்கள். பாறையில் விழும் மழை அங்கே நிற்காது, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். இறங்குகிற தண்ணீரைத் தேக்கத்தான் அடிவாரத்தில் கண்மாய்கள். இந்த வட்டாரத்தில் 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. செங்குத்தான பாறை இடுக்குகளில் லகுடு வல்லூறு, செம்மார்பு வல்லூறு, ராஜாளிக் கழுகு. புதர்களில் தேவாங்கு, அழுங்கு. மொத்தம் சுமார் 250 பறவை இனங்கள்.

(காட்சி: குடைவரைக் கோயில், பாறையில் வெட்டிய தமிழி எழுத்து.)

கூடவே பாண்டியர் காலத்துக் குடைவரை, சமணர் படுக்கை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய கல்வெட்டு. சரி, இவ்வளவும் இருந்தால் அந்த இடம் தானாகப் பிழைத்துக்கொள்ளுமா? பிழைக்காது. ஒரு காகிதத்தில் ஏறினால்தான் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒரு குன்று தெரியும்.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் ‘பல்லுயிர் பாரம்பரியத் தலம்’. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், பிரிவு 37. உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தை இப்படி அறிவிக்கலாம். சரணாலயம் அறிவித்தால் ஊராருக்கு ஒரு பயம் வரும்: ஆடு மேய்க்க விடுவார்களா, சாமி கும்பிட விடுவார்களா? அதில் நியாயமும் உண்டு. இந்தத் தலத்தில் ஊரின் புழக்கத்துக்கு அப்படித் தடை போடுவதில்லை. ஊரும் காடும் சேர்ந்தே இருக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது. அந்த 250 என்ற எண்ணும் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ அதிகாலையில் எழுந்து, தொலைநோக்கியும் நோட்டுமாக அலைந்து, ஒவ்வொரு பறவையாக எழுதி வைத்திருக்கிறார்கள். போராட்டம் செய்திக்கு வரும். இந்த நோட்டு வராது. என்னைக் கேட்டால், நோட்டு இல்லாமல் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

(காட்சி: வரைபடம். பெரிய பழுப்புக் கட்டத்துக்குள் சின்னப் பச்சைத் திட்டு.)

பின்னால் என்ன நடந்தது? 2023-இல் கனிமச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களின் ஏலத்தை இனி மத்திய அரசே நடத்தும். 2024 நவம்பர் 7, ஏல முடிவு வெளியானது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, 20.16 சதுர கிலோமீட்டர். ஏலம் எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம். அந்தக் கட்டத்துக்குள் அரிட்டாபட்டித் தலமும் அகப்பட்டிருந்தது.

அந்த மாதமே மேலூர்ப் பக்கத்துக் கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்று வரிசையாகத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது. ஏலம் விடுவது டெல்லி என்றாலும், குத்தகை ஆணையில் கையெழுத்திட வேண்டியது மாநில அரசு. அதனால் அந்தத் தீர்மானம் வெறும் சம்பிரதாயம் இல்லை. யார் முன்பே எதிர்ப்புச் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று இரண்டு அரசுக்கும் நடந்த அறிக்கைச் சண்டையை விட்டுவிடுவோம். அது தனி வீடியோவுக்கு ஆகும்.

டிசம்பர் கடைசியில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு சமாதானம் சொன்னது. மொத்தம் 20.16 சதுர கிலோமீட்டரில் பல்லுயிர்த் தலம் 1.93 தான், அதை மட்டும் வெட்டிவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று புவியியல் ஆய்வுத் துறையைப் பார்க்கச் சொல்கிறோம் என்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சட்டத்தின் பலமும் பலவீனமும் ஒரே எண்ணில் தெரிகிறது. அந்த 1.93 இருந்ததால்தான் அமைச்சகம் பேச வேண்டி வந்தது. மீதிப் பதினெட்டுக்குப் பிடித்துக்கொள்ள எந்தக் காகிதமும் இல்லை. அங்கேயும் வயலும் கண்மாயும் வீடும் கோயிலும் இருக்கின்றன. குன்றை விட்டுவிட்டு அடிவாரத்தைத் தோண்டினால் தண்ணீர் எங்கே போய்ச் சேரும்?

(காட்சி: சாலை நிறைய மக்கள்.)

ஊர்க்காரர்கள் எல்லை மாற்றத்தை ஏற்கவில்லை. முழுவதும் ரத்து, அவ்வளவுதான் என்றார்கள். 2025 ஜனவரி 7, ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கிக் கிளம்பினார்கள். அப்புறம் ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லி போய் அமைச்சரைப் பார்த்தார்கள். ஜனவரி 23, ஏலம் ரத்து.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1798-இலேயே வேடந்தாங்கல் மக்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, கௌல் என்ற உறுதிப் பத்திரம் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்போதும் காகிதம்தான்!

(காட்சி: கிராம சபைக் கூட்டம். மேசையில் தீர்மானப் பதிவேடு.)

உங்கள் ஊரில் இப்படி ஓர் இடம் இருக்கிறதா? கோயில் காடு, குன்று, கண்மாய், எதுவானாலும் சரி. ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்றை அது எழுதி வைத்திருக்க வேண்டும். போய்க் கேளுங்கள். பல இடங்களில் பீரோவுக்குள் தூங்கும். திறந்து பார்த்து, விட்டுப்போன உயிர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ‘இயற்கையைக் காக்க வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போட்டால் பயனில்லை. சர்வே எண், பரப்பு, அங்கே இருக்கும் உயிர்களின் பட்டியல், எந்தச் சட்டப்படி என்ன அறிவிப்பு வேண்டும், எல்லாம் வேண்டும். பதிவேட்டில் ஏறியதும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்டது. ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. அரிட்டாபட்டியைச் சுற்றியுள்ள அந்தப் பதினெட்டுச் சதுர கிலோமீட்டரின் கையில் இருப்பது இன்னும் ஒரு ரத்து அறிவிப்பு மட்டும்தான்.