ராத்திரி ஓடுது, மத்தியானம் நிக்குது! 0.3 மி.மீ. ஓட்டை செஞ்ச வேலை | பிசிபி வயா டிசைன்

[திரையில்: மேஜை மேல ஒரு பச்சை போர்டு. பக்கத்துல ஹேர் ட்ரையர்.]

மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில வெச்சிருக்கேன், அதாவது கரன்ட் போக வழி இருந்தா பீப் அடிக்கும். ஒரு ப்ரோப் போர்டோட மேல் பக்கம், இன்னொண்ணு கீழ் பக்கம். பீப்... கேக்குதா? இப்போ ஹேர் ட்ரையரை ஆன் பண்றேன், கூடவே எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினொண்ணு. பீப் நின்னுபோச்சு! ஆற விடுறேன். மறுபடியும் பீப்.

வணக்கம் மக்களே! இது எங்க வீட்டு மொட்டை மாடித் தொட்டியில தண்ணி அளவு பார்க்க நான் டிசைன் பண்ணின பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் பாகங்களை இணைக்கிற சர்க்யூட் போர்டு. ராத்திரி முழுக்க ஒழுங்கா ஓடும். மே மாச வெயில் உச்சிக்கு வந்தா நின்னுடும். சென்சரை மாத்தினேன். ரிச்சி ஸ்ட்ரீட் போய் வேற பவர் சப்ளை வாங்கி வந்து போட்டேன். ப்ரோக்ராமைத் திருத்தி எழுதினேன். மூணு வாரம் போச்சு. கடைசியில கையில சிக்கினது இந்த ஓட்டை. இதுக்குப் பேர்தான் வயா.

பஸ்ல 'மதுரை, வயா திருச்சி'ன்னு சொல்றோமே, அதே வார்த்தைதான். லத்தீன்ல வழின்னு அர்த்தம். போர்டுல மேல ஒரு செம்பு அடுக்கு, கீழ ஒரு செம்பு அடுக்கு. கரன்ட் போற ரெண்டு செம்புக் கோடு ஒண்ணையொண்ணு தொடாம குறுக்கே போகணும்னா ஒண்ணு கீழ இறங்கித்தான் ஆகணும். ஆலந்தூர் மெட்ரோவுல நீல லைன்ல இருந்து பச்சை லைனுக்கு எஸ்கலேட்டர்ல தளம் மாறுறோம்ல? அந்த எஸ்கலேட்டர்தான் வயா. ப்ளைண்ட், பரீட்னு வேற வகைகளும் இருக்கு, ஆனா அதெல்லாம் பல அடுக்கு போர்டுக்கு. செலவும் கூட. நம்ம ரெண்டு அடுக்கு போர்டுக்கு நேரா துளைச்சுக்கிட்டுப் போற த்ரூ வயா போதும்.

சரி, ஓட்டை போட்டா மட்டும் கரன்ட் போயிடுமா? போகாது. உள்ளே இருக்கிறது கண்ணாடி நாரும் எபாக்சியும். அதனால ட்ரில் பண்ணின பிறகு ரசாயனக் குளியல்ல ஓட்டையோட சுவர்ல மெல்லிசா செம்பு படிய வைக்கிறாங்க. அப்புறம் மின்முலாம் பூசி அதைத் தடிமனாக்குறாங்க. முடிவுல சுவர்ல நிக்கிற செம்பு சுமார் 20-லிருந்து 25 மைக்ரான். மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு. நம்ம தலைமுடியை விட மெல்லிசு!

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்குக்கு வர்றேன். [கையில் பேப்பர் ஸ்ட்ரா, கத்தரிக்கோல்.] இந்த ஸ்ட்ராவை நீளவாக்குல வெட்டி விரிக்கிறேன். என்ன ஆச்சு? ஒரு பட்டை. வயாவும் இப்படித்தான், சுருட்டி வெச்ச செம்புப் பட்டை. ஓட்டையோட விட்டம் 0.3 மி.மீ. அதை 3.14-ஆல பெருக்குங்க, 0.94. ஏறக்குறைய 1 மி.மீ. அகலப் பட்டை அந்தத் துளைக்குள்ள சுருண்டு கிடக்கு! தடிமன் 25 மைக்ரான். போர்டு மேல ஓடுற கோடு பெரும்பாலும் 35 மைக்ரான். கணக்குப் போட்டா, ஒரு வயா சுமார் 0.7 மி.மீ. அகலக் கோட்டுக்குச் சமம். 1.6 மி.மீ. போர்டுல அதோட தடை ஒரு மில்லி ஓம் பக்கம் வரும், அவ்வளவுதான்.

இது தெரிஞ்சதுல இருந்து நான் வயா போடுற விதமே மாறிடுச்சு. 0.25 மி.மீ. சிக்னல் கோட்டுக்கு ஒரு வயா தாராளம். ரிலேவுக்கு, அதாவது மின்சாரத்தால இயங்குற சுவிட்சுக்குப் போற 2 மி.மீ. கோட்டை ஒரே வயாவுல இறக்கினா அது குறுகின சந்து. மூணு போடுங்க.

அப்போ என் போர்டுல என்ன தப்பு? வாங்க, கீகேட் திறப்போம். போர்டு வரையுற இலவச சாஃப்ட்வேர், யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். எக்ஸ் அழுத்தினா கோடு போடலாம், போட்டுக்கிட்டே வி அழுத்தினா வயா. இவ்வளவு சுலபமா இருக்கிறதாலதான் அளவை யாரும் பார்க்கிறதில்லை. போர்டு செட்டப், அதுல நெட் கிளாஸஸ் போங்க. வயா சைஸ்னா செம்பு வட்டத்தோட விட்டம். வயா ஹோல்னா ஓட்டை. நான் கொடுத்தது 0.5, 0.3. சுத்தி இருக்கிற வளையம் 0.1 மி.மீ. திரையில பார்க்க அழகா இருக்கு.

ஆனா பல தொழிற்சாலைகள்ல 0.3-னு கேட்டா 0.4 ட்ரில்தான் போடுவாங்க. ஏன்? உள்ளே செம்பு பூச இடம் வேணுமே. இப்போ வளையம் 0.05. ட்ரில் அந்த 0.05 விலகினாலே ஒரு பக்கம் வளையம் காலி! [மைக்ரோஸ்கோப் படம்.] பாருங்க, என் போர்டுல ஓட்டை நேரா கோடு வந்து சேர்ற பக்கமாவே ஒதுங்கியிருக்கு. கோட்டோட நுனி ஓட்டை விளிம்பை உரசிக்கிட்டு நிக்குது. அங்கதான் ஒரு விரிசல். சூடானா போர்டு தடிமன்வாக்குல செம்பை விட மூணு நாலு மடங்கு அதிகமா விரியும். மத்தியானம் விரிசல் திறக்குது, ராத்திரி மூடுது.

தொழிற்சாலை மேல தப்பே இல்லை. அவங்களால என்ன முடியும்னு அவங்க வெப்சைட்லயே போட்டிருந்தாங்க, நான் படிக்கலை. நீங்க படிங்க. அதுல இருக்கிற குறைந்தபட்ச வளைய அளவை போர்டு செட்டப்ல இருக்கிற கன்ஸ்ட்ரைன்ட்ஸ்ல போட்டு டிஆர்சி ஓட்டுங்க, அதாவது டிசைன் விதிகளை மீறுதான்னு சாஃப்ட்வேரே சரிபார்க்கிறது. இடம் இருந்தா 0.7 வட்டம், 0.3 ஓட்டை கொடுங்க. இடம் இருக்கும்போது வயாவைச் சுருக்குறதுல எந்தப் பெருமையும் இல்லை, இது என் உறுதியான கருத்து. அப்புறம் டியர்ட்ராப். கோடு வட்டத்தைத் தொடுற இடத்துல கண்ணீர்த்துளி மாதிரி செம்பை அகலமாக்குறது. கீகேட் 7-லிருந்து உள்ளேயே இருக்கு. ட்ரில் அந்தப் பக்கம் விலகினாலும் பிடிக்க செம்பு மிச்சம் இருக்கும்.

இன்னொரு விஷயம், சாதாரண வயாவை காம்பொனன்ட் பேட் மேல, அதாவது பாகத்தைப் பற்றவைக்கிற செம்புத் திட்டு மேல வைக்காதீங்க, பற்றவைக்கிற சால்டர் ஓட்டைக்குள்ள இறங்கிடும்.

உங்க போர்டுல வட்டம் எவ்வளவு, ஓட்டை எவ்வளவுன்னு கமென்ட்ல போடுங்க, நான் ஒவ்வொண்ணா பார்த்து பதில் சொல்றேன். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு போர்டு ஆர்டர் பண்ணப்போற நண்பர் இருந்தா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க.

இதோ புது போர்டு. ஹேர் ட்ரையரை ஆன் பண்றேன். எண்ணுங்க.

[திரையில்: எண்ணிக்கை 60-ஐத் தாண்டுகிறது. பீப் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.]