மலைக்கு மெத்தை தூக்கிப் போகிறவன்

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். நாலைந்து பையன்கள் முதுகில் மெத்தையை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைப் பக்கம் நடந்து போவார்கள். நடுவில் ஒரு நரைத்த தலை தெரிந்தால் அது நான்தான். "சார், காட்டுக்குத் தூங்கவா போறீங்க?" என்று ஒரு கண்டக்டர் கேட்டேவிட்டார்.

தூங்க இல்லை, விழ. போல்டரிங் என்றால் கயிறு கட்டாமல் உருண்டைப் பாறையில் பத்துப் பதினைந்தடி ஏறுவது. உச்சியைத் தொடுவோமோ இல்லையோ, விழுவது நிச்சயம். அதற்குத்தான் அந்த மெத்தை. கிராஷ் பேட் என்பார்கள்.

ஆரம்பத்தில் எனக்குப் பேட் வாங்க வசதியில்லை. சோபா தைக்கிறவரிடம் அஞ்சு அங்குல நுரை வாங்கினேன். கையால் அமுக்கினால் பூ மாதிரி இருந்தது. எட்டடியிலிருந்து விழுந்தேன். நுரை மொத்தமும் நசுங்கி, அடியில் கிடந்த கருங்கல் ஜல்லி குதிகாலில் இடித்தது. மூன்று வாரம் நொண்டல். அந்த நுரையைத் திண்ணையில் போட்டேன். எங்கள் வீட்டுப் பூனைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சேற்றில் வெறுங்காலை வைத்தால் புதையும். பலகை போட்டு அதன்மேல் நின்றால் புதையாது, இல்லையா? நல்ல பேடும் அப்படித்தான். மேலே கெட்டி நுரை, அதுதான் பலகை. குதிகால் ஒரே இடத்தில் இறங்கினாலும் எடையைப் பரப்பிவிடும். கீழே மெத்தென்ற நுரை. அது காற்றைக் கக்கிக்கொண்டே மெதுவாக அமுங்கும். இதைத் தலைகீழாக விரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். கெட்டி மேலே, மெத்து கீழே!

அதனால் கடையில் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். தரையில் விரித்து, அதன்மேல் ஒற்றைக் குதிகாலில் நில்லுங்கள். தரை தட்டினால் வேண்டாம். கனம் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விரித்தால் மூன்றுக்கு நாலடி இருந்தால் ஒருவருக்குப் போதும். திரும்பவும் சொல்கிறேன், கையால் இல்லை, குதிகாலால்.

மடிப்பில் இரண்டு வகை உண்டு. புத்தகம் மாதிரி நடுவில் மடிவது பஸ்ஸில் அடங்கும், ஆனால் அந்த மடிப்புக் கோட்டில் கால் விழுந்தால் நுரை இருக்காது. முழுசாக வளைத்துக் கட்டுவதில் அந்தக் கோடு இல்லை. ஆனால் பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட்டு எடுக்கவேண்டும் போலிருக்கும். மேடு பள்ளமான நம்ம ஊர்த் தரைக்கு நான் வளைப்பதைத்தான் சொல்வேன். கண்டக்டர் திட்டினால் திட்டட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, வேகமாக: இரண்டு பேட் போட்டால் நடுவில் சந்து விடாதீர்கள், கணுக்கால் போவது அங்கேதான். மழையில் நனைய விடாதீர்கள். கீழே நிற்கிற கூட்டாளி விழுகிறவரைத் தூக்கிப் பிடிக்கப் பார்க்க வேண்டாம், இடுப்பைத் தள்ளிப் பேட்மேல் திருப்பிவிட்டால்... நேரமாகிவிட்டது, வணக்கம்.