36 வந்தால் ஒரு பாடம், 34 வந்தால் வேறு பாடம்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறேன்: 52 − 28. விடை 24 என்று எல்லோருக்கும் தெரியும். நான் பேச வந்தது அந்த 24-ஐப் பற்றி அல்ல; பிள்ளை எங்கே இடறுகிறது என்று வகுப்பில் வைக்கும் சிறுதேர்வில் கண்டுபிடிப்பதைப் பற்றி. ஒரு பிள்ளை 36 என்று எழுதுகிறது. பக்கத்துப் பிள்ளை 34 என்று எழுதுகிறது. நாம் சிவப்பு மையில் இரண்டையும் அடித்து, இரண்டுக்கும் சுழியம் போட்டு, அடுத்த நோட்டை எடுக்கிறோம். மதிப்பெண் பதிவேட்டுக்கு இருவரும் ஒன்றுதான். ஆனால் நாளைக் காலை அந்த இருவருக்கும் வேண்டியது வெவ்வேறு பாடம்.

36 எப்படி வந்தது? 2-இலிருந்து 8 போகாது என்றதும் அந்தப் பிள்ளை 8-இலிருந்து 2-ஐக் கழித்து 6 போட்டுவிட்டது. பத்தாம் இடத்தில் 5-இல் 2 போக 3. அதைப் பொறுத்தவரை கழித்தல் என்றால் பெரியதிலிருந்து சிறியதை எடுப்பது. ஒன்றாம் வகுப்பில் நாம்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தோம். 34 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். 12-இல் 8 போக 4, அது சரி. கடன் கொடுத்த 5, 4 ஆகியிருக்க வேண்டும், அதை மறந்துவிட்டது. முதல் பிள்ளையின் கையில் ஐந்து பத்துக் கட்டும் இரண்டு ஒற்றைக் குச்சியும் கொடுத்து, "எட்டுக் குச்சி தா" என்று கேட்டு, ஒரு கட்டை அவிழ்க்க வைக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குக் குச்சி தேவையில்லை. 5-ஐ அடித்து மேலே 4 எழுதும் பழக்கம் வந்தால் போதும். இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கடன் வாங்கிக் கழித்தலை முதலிலிருந்து மறுபடி நடத்தினால், ஒருவருக்கு அது அலுப்பு, மற்றவருக்கு அதே பழைய குழப்பம்.

1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை அலசினார்கள். பல பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, பிள்ளை ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். அப்படியானால் அந்த விதி எது என்று கண்டுபிடிப்பதுதான் சிறுதேர்வின் வேலை. எத்தனை சரி என்று எண்ணுவது அப்புறம்தான்.

அதற்குக் கேள்வி சரியாக இருக்க வேண்டும். 52 − 28 என்று கொடுத்ததற்குக் காரணம் உண்டு. 28-க்குப் பதில் 27 என்று கொடுத்துப் பாருங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளைக்கும் 35 வரும், கடன் வாங்கிவிட்டு 5-ஐக் குறைக்க மறந்த பிள்ளைக்கும் 35 வரும். ஒன்றாம் இட எண்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் இந்த இரண்டு பிழையும் ஒரே விடையில் போய் ஒளிந்துகொள்ளும். 63 − 28, 41 − 16 எல்லாம் அப்படித்தான். கணக்கு நல்ல கணக்குதான், நோய் கண்டுபிடிக்க மட்டும் உதவாது. நடுவில் சுழியம் வரும் கணக்கு ஒன்றும் கட்டாயம் வேண்டும். 403 − 167-க்கு விடை 236. 364 வந்தால் பழைய பெரியது சிறியது விவகாரம். 246 வந்தால், நூறாம் இடத்தில் கடன் வாங்கிப் பத்தாம் இடத்தில் 10 வைத்தது, அதிலிருந்து ஒன்றை ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்த பிறகு அது 9 ஆனதைக் கவனிக்கவில்லை. 336 வந்தால், 9 சரியாக வந்திருக்கிறது, நூறாம் இடத்து 4 மட்டும் 3 ஆகவில்லை.

கேள்வி தயாரிக்கும்போதே ஒரு வெள்ளைத்தாளில் "இப்படித் தவறாக நினைத்தால் என்ன விடை வரும்" என்று ஒவ்வொரு தவறான வழியிலும் நீங்களே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வழிக்கும் ஒரே விடை வந்தால் எண்ணை மாற்றுங்கள். தவறான வழியில் போயும் சரியான விடை வந்தால் அந்தக் கேள்வியைத் தூக்கி எறியுங்கள். தசம எண்ணில் இது அடிக்கடி நடக்கும். 0.5, 0.35, 0.125 இவற்றில் பெரியது எது என்று கேட்கிறோம். புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று நினைக்கும் பிள்ளையும் 0.5 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிப் போய்விடும். 0.5, 0.75, 0.125 என்று கொடுங்கள். விஷயம் தெரிந்த பிள்ளை 0.75 என்று சொல்லும். இலக்கம் கூடினால் பெரியது என்று நினைப்பது 0.125-ஐயும், குறைந்தால் பெரியது என்று நினைப்பது 0.5-ஐயும் எடுக்கும். அரை நிமிடக் கேள்வி, மூன்று விடைக்கும் மூன்று அர்த்தம்.

அறிவியலிலும் அப்படித்தான். விதை முளைக்கத் தேவையானவை யாவை என்று கேட்டால் மனப்பாடம் வரும். ஈரத்துணியில் கட்டிய பச்சைப்பயறை இருட்டான அலமாரிக்குள் வைத்தால் முளைக்குமா என்று கேளுங்கள். வீட்டில் முளைகட்டிய பயறு சாப்பிடும் பிள்ளைகளே "வெயில் இல்லாமல் முளைக்காது" என்பார்கள். விதை முளைப்பதையும் செடி வளர்வதையும் ஒன்றாக நினைக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

தமிழில் சொல்வதெழுதுதல் வைத்துப் பத்துக்கு ஆறு என்று போடுகிறோம். அந்த நான்கு பிழையும் என்ன வகை? பள்ளிக்குப் பல்லி எழுதினால் ஒலிக் குழப்பம். இணைச் சொற்களைச் சொல்லிக்காட்டி, கேட்கவும் சொல்லவும் வைக்க வேண்டும். கேள் என்பதற்குக் கெள் எழுதினால் கொம்புக் குழப்பம். காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது, கைதான் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தடுமாறுகிறது. புள்ளி விட்டுப்போவது மூன்றாவது வகை. ழகரத்தை ளகரமாகவே பேசும் ஊரில் வாழையை வாளை என்று எழுதும் பிள்ளைக்கு "நன்றாகக் கேட்டு எழுது" என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை; அது கேட்பதே அப்படித்தான். அங்கே கண்ணுக்குத்தான் பயிற்சி, சொல்லட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதுவது.

சரி, இதை ஒரு பாடவேளைக்குள் எப்படி நடத்துவது? பாடம் முடிய எட்டுப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று கேள்வி. அதற்கு மேல் வேண்டாம். ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் நாற்பது பிள்ளைகளுக்குப் பத்துத் தாள். பெயர் எழுதட்டும்; மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்தில் பார்த்து எழுதுவார்கள், உங்களுக்குக் கிடைப்பது நாற்பது பேரின் நிலவரம் அல்ல, நாலு பேரின் நிலவரம். தாளை வாங்கியதும் திருத்தாதீர்கள், பிரியுங்கள். புரிந்தவர்கள் ஓர் அடுக்கு. ஒரே மாதிரிப் பிழை செய்தவர்கள் ஓர் அடுக்கு, பிழை இரண்டு வகை என்றால் இரண்டு அடுக்கு. தொடங்கவே தெரியாதவர்கள் கடைசி அடுக்கு. கை பழகிவிட்டால் நாற்பது தாளுக்கு ஐந்தாறு நிமிடம்தான்.

பிறகு முடிவு. இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, நடைமுறைக் கணக்கு ஒன்று சொல்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு மேல் புரிந்திருந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். மீதிப் பேரை மறுநாள் மற்றவர்கள் பயிற்சி செய்யும் பத்து நிமிடத்தில் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளலாம். பாதிப் பேர் தடுமாறினால் அதே பாடத்தை வேறு வழியில் நடத்த வேண்டும். "வேறு வழி" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதே விளக்கத்தைக் குரலை உயர்த்திச் சொல்வதைத்தான் நம்மில் பலர் மறுகற்பித்தல் என்று நினைக்கிறோம். கால்வாசிப் பேருக்குக்கூடப் புரியவில்லை என்றால் கோளாறு இந்தப் பாடத்தில் இல்லை, இதற்கு முந்தைய படியில் இருக்கிறது. அங்கே போய்த் தேடுங்கள்.

தாள் இல்லாமலும் செய்யலாம். நம் பள்ளிகளில் சிலேட்டு இருக்கிறது, அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டு, எழுத நேரம் கொடுத்து, "தூக்கு" என்றால் நாற்பது விடையும் ஒரே நொடியில் கண்ணுக்கு முன்னால். அதை விட்டுவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம். "புரிஞ்சுது சார்!" என்று வகுப்பே ராகம் போடும். அது வெறும் பழக்கம். கை தூக்கும் பிள்ளையிடமே கேட்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. வகுப்பில் ஒரு பிள்ளை வெந்ததால் அடுத்த பிள்ளை வெந்ததாக ஆகாது. கேள்விக்குப் பின் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எழுதினார். அதை மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசின. மூன்று நொடி மௌனம் நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

இனி நோட்டுத் திருத்துவது. 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்புரை மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும். முன்னேறியது குறிப்புரை மட்டும் பெற்ற பிரிவு. இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்புரை பலன் தரவில்லை. எண்ணைப் பார்த்ததும் பக்கத்துப் பிள்ளையின் எண்ணைத்தான் பார்க்கத் தோன்றும். கீழே எழுதியிருப்பதை யார் படிப்பது?

குறிப்புரை என்றால் "நன்று", "முயற்சி தேவை" என்பது அல்ல. அதைப் படித்துவிட்டு பிள்ளை என்ன செய்யும்? "2, 4 கணக்குகளில் கடன் கொடுத்த பிறகு பத்தாம் இடம் என்ன ஆயிற்று? திரும்பப் போடு" என்பது குறிப்புரை. ஆனால் ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் நாற்பது நோட்டுக்கு ஒரு பாடவேளை போய்விடும். அதனால் பிழை வகைக்கு ஓர் எண் கொடுங்கள். நோட்டில் 1, 2, 3 என்று மட்டும் குறியுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய குறிப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மறுநாள் முதல் பத்து நிமிடம் திருத்தி எழுத விடுங்கள். அந்தப் பத்து நிமிடம் கொடுக்காவிட்டால் நீங்கள் முந்தின இரவு செய்த வேலை அத்தனையும் வீண்.

நம் தமிழ்நாட்டுக்கு இது புதிய செய்தி அல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான முழுமையான மதிப்பீட்டைக் கேட்டது. 2012-13-இல், ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு, பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என்று வந்தது. எண்ணம் நல்ல எண்ணம். வளரறி மதிப்பீட்டுக்கு மதிப்பெண் வைத்த இடத்தில்தான் சறுக்கியது என்பது என் கருத்து. 40-க்கு ஓர் எண் எழுதியாக வேண்டும் என்றதும், பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்பதை மறந்து, பதிவேட்டில் எண் இருக்கிறதா என்பதைப் பார்க்க ஆரம்பித்தோம். செயல்பாடு என்ற பெயரில் ஒட்டிக் கொண்டுவரும் சார்ட்டுக்கு முழு மதிப்பெண். அதை ஒட்டியது அம்மாவா அண்ணனா என்பது நமக்கும் தெரியும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்று 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலைகள் இருக்கின்றன. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது என்ற அடிப்படை சரியானது. தவறு எங்கே நேரும் என்றால், அந்தப் பெயர் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும்போது. கூட்டலில் மலராக இருக்கும் பிள்ளை இடமதிப்பில் அரும்பாக இருக்கலாம். "அவன் அரும்பு சார்" என்று பேச ஆரம்பித்தால் ஆபத்து. குழு பிரிப்பது ஒரு திறனுக்காக, ஒரு வாரத்துக்காக. அடுத்த திறனுக்கு அந்தக் குழுவைக் கலைத்து வேறு குழு.

உயர்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒன்று. காலாண்டு விடைத்தாள் திருத்தி முடித்ததும் ஒரு கட்டம் போடுங்கள்: இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே கேள்வி எண்கள், தவறுக்கு மட்டும் ஒரு புள்ளி. குறுக்கே படித்தால் பிள்ளையைப் பற்றித் தெரியும். மேலிருந்து கீழே படித்தால் நம்மைப் பற்றித் தெரியும். நாற்பதில் முப்பது பேர் ஒரு கேள்வியில் விழுந்திருந்தால், அந்த முப்பது பேரையும் மாலை வகுப்பில் நிறுத்துவதில் நியாயம் இல்லை. அந்தப் பாடத்தை மறுபடி எடுப்பதுதான் நியாயம். மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல், அதாவது தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பு, கொடுத்து அதையே பத்துத் தடவை தேர்வு வைப்பது தேர்ச்சி விழுக்காட்டுக்கு உதவலாம். எது புரியவில்லை என்பது அந்தப் பத்துத் தேர்விலும் தெரியாது.

வாழ்க்கைக் கணக்குகளில் விழும் பிள்ளையைப் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உடனே போட்டுவிட்டால் அதற்குக் கணக்கு வரும், வாசிப்புத்தான் வரவில்லை. கணக்கு ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் உட்கார்ந்து பேச வேண்டிய பிள்ளை அது.

அன்றைக்குச் சரியாகப் போட்டதை நம்பிவிடவும் வேண்டாம். கரும்பலகைக் கணக்கைப் பார்த்து அச்சாகப் போட்டிருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து, வேறொரு பாடம் நடக்கும்போது, அதே அமைப்பில் எண்களை மட்டும் மாற்றி ஒரு கேள்வியை நுழையுங்கள். அப்போதும் வந்தால்தான் வந்தது.

பார்வைக்கு அதிகாரி வந்தால் எதைக் காட்டுவது என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். தனிப் பதிவேடு எதுவும் தொடங்காதீர்கள், ஏற்கெனவே இருப்பவை போதும். பாடக்குறிப்பேட்டில் அந்த நாளுக்கான பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி, நேற்றைய சிறுதேர்வில் தெரிந்தது: "11 பேர் கடன் வாங்கியபின் குறைக்கவில்லை, 6 பேர் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறார்கள்." இரண்டாம் வரி, அதனால் இன்று மாற்றியது: "6 பேருக்குக் குச்சிக்கட்டு, 11 பேருக்கு அடித்தெழுதும் பயிற்சி, மற்றவர்களுக்குப் பயிற்சிப் புத்தகம்." பிள்ளைகள் சிறுதேர்வு எழுதிய சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு மேசை இழுப்பறையில் பருவம் முடியும்வரை வைத்திருங்கள். இரண்டாம் வரியில் எழுத எதுவும் இல்லாத நாள் அடிக்கடி வந்தால், வைக்கும் தேர்வுகளைக் குறையுங்கள்.